கற்பூரம் விமானம் ஏறாது

ஜூலை 6, ஞாயிறு

இன்று கூடத்தில் இருந்தவர்கள்: என் மகன் உமாபதி. அவன் மனைவி புவனேஸ்வரி. அவர்கள் மகள், என் பேத்தி ஜீவிதா, கல்யாணப் பெண். என் கொழுந்தன் கைலாசம், அவன் சம்சாரம் பொன்னியம்மாள். டிக்கெட் போடுகிற தினகரன். அப்புறம் நான், காவேரி. பேர்களை எழுதிவிட்டேன். நாளைக்கு "நான் அந்த நேரம் இல்லையே" என்று யாரும் நழுவ முடியாது. இந்த வீட்டில் சொன்னதை இல்லை என்பதும், சொல்லாததைச் சொன்னாய் என்பதும் சகஜம். என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. ஞாபகம் நிற்கவில்லை.

கல்யாணம் பாலியில். பாலி என்பது கடலுக்கு அப்பால் ஒரு தீவாம். மாப்பிள்ளை விமல்ராஜுக்கு சிங்கப்பூரில் வேலை, சிநேகிதர்கள் நாலா திசையிலும் இருக்கிறார்கள், அதனால் எல்லாருக்கும் நடுவில் ஓர் இடம் பார்த்தார்களாம். காஞ்சிபுரம் யாருக்கும் நடுவில் இல்லை போலிருக்கிறது. ஆவணி 13, வெள்ளிக்கிழமை முகூர்த்தம்.

கல்யாணத்துக்கு வருகிறவர்கள் என்னென்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று தினகரன் ஒரு தாளைப் படித்துக் காட்டினான். எல்லாருக்கும் ஒவ்வொரு தாள் கொடுத்தான். என்னிடம் வந்தபோது தீர்ந்துபோயிற்று. "எங்க அண்ணிக்கு எதுக்குப்பா தாளு, அவங்க மண்டையிலயே அச்சாயிடும்" என்று கைலாசம் சிரித்தான். சிரிக்கட்டும். அச்சாகிவிட்டதுதான்.

பாஸ்போர்ட்டுக்கு, போய் இறங்குகிற நாளிலிருந்து ஆறு மாசமாவது தவணை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மீனம்பாக்கத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதை ஜெராக்ஸ் எடுத்து வேறு பையில் வைக்க வேண்டும். மாத்திரையை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வைக்க வேண்டும். உதிர்த்து டப்பாவில் போட்டால் என்ன மாத்திரை என்று அவர்களுக்குத் தெரியாது. முகூர்த்தப் புடவை, தாலி, நகை எதையும் பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. நாம் ஓர் ஊரில் இறங்க, பெட்டி வேறோர் ஊரில் இறங்குமாம். எண்ணெய், நெய், ஊறுகாய் கைப்பையில் கூடாது. வெற்றிலை, பூ, பழம், விதை இவற்றை அந்த ஊருக்குள் விடமாட்டார்கள். கொப்பரைத் தேங்காய், தீப்பெட்டி, கற்பூரம் எந்தப் பையிலும் கூடாது.

"கற்பூரம் கூடவா கூடாது?" என்றான் கைலாசம்.

"கற்பூரம் விமானம் ஏறாது சார். தீப்பிடிக்கிற சாமான்."

"அப்ப ஆரத்தி?"

"அங்க பிளானர் பாத்துக்குவாங்க."

பிளானர் என்றால் கல்யாணத்தை மொத்தமாக எடுத்து நடத்துகிற கம்பெனியாம். வெற்றிலை முதல் ஐயர் வரை அவர்கள் பொறுப்பு.

நான் ஒன்று கேட்டேன். "அங்க சூரியன் நமக்கு முன்னாடியே எழுந்துடுதுன்றியே, முகூர்த்தம் எந்த ஊரு நேரத்துக்கு?" தினகரன் முழித்தான். ஜீவிதாதான், "அங்கத்திய டைமுக்குதான் ஆயா. ஏழரையிலேர்ந்து ஒம்பது. அது நம்ம ஊருக்கு அஞ்சு மணி" என்றாள். பரவாயில்லை, கேட்டு வைத்திருக்கிறாள். நான் வளர்த்த பிள்ளை.

இன்னொன்றும் கேட்க இருந்தது. என் டிக்கெட் எப்போது போடுவார்கள்? கேட்கவில்லை. கேட்டால்தான் போடுவார்களா என்ன?

ஜூலை 7

கேட்டேன். "போடலாம்மா" என்றான் உமாபதி. இவன் அப்பாவும் இப்படித்தான், "போகலாம், போகலாம்" என்று ராமேசுவரத்தைக் காட்டாமலே போய்ச் சேர்ந்தார். நான் திருப்பதியைத் தாண்டியதில்லை.

ஜூலை 11, வெள்ளி

என் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். சித்திரையில் ஜீவிதாதான் அழைத்துப் போய் எடுத்துக் கொடுத்தாள். போட்டோ பிடித்தவன் "சிரிக்காதீங்கம்மா" என்றான். நான் எப்போது சிரித்தேன்? போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து எதற்குப் பாஸ்போர்ட் என்று விசாரித்தபோது தெருவே கேட்கச் சொன்னேன், "பேத்தி கல்யாணம், வெளிநாட்டுல."

அது நிச்சயதார்த்தத்துக்கு முன்னால். நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு ஜீவிதா என்னிடம் பாஸ்போர்ட் பேச்சே எடுக்கவில்லை. இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன்.

நிச்சயதார்த்தத்தில் நான் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பூர்வீகம் பெரிய காஞ்சிபுரம். அப்பா பேர் கேட்டேன், தாத்தா பேர் கேட்டேன். கேட்டதும் பிடிபட்டுவிட்டது. என் கல்யாணத்தில் வடை ஆறிப்போயிற்று என்று பந்தியில் பாதியில் எழுந்து போனாரே, அந்த மனிதரின் தம்பி மகள் இவள். இலையில் சாம்பார் ஊற்றியிருந்தது. அப்படியே விட்டுவிட்டுப் போனார். என் அப்பா வாசல்வரை கையைப் பிசைந்துகொண்டு பின்னாலேயே ஓடினார். அதை நான் மணையில் உட்கார்ந்தபடி பார்த்தேன். அன்றைக்கு மணப்பெண் வாயைத் திறக்க முடியாது. இப்போது திறந்தேன். "பந்தியில பாதியில எழுந்துபோன வம்சமாச்சே, இந்தத் தடவையாவது பாயசம் வரைக்கும் உக்காருவீங்களா?" என்றேன். அவ்வளவுதான். அந்தம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. சுண்டட்டும், என் அப்பா முகம் சுண்டவில்லையா?

காரில் திரும்பும்போது ஜீவிதா, "அதெல்லாம் இப்ப ஏன் ஆயா?" என்றாள். ஸ்ரீபெரும்புதூர் வரை வேறு பேச்சில்லை. அதற்குப் பிறகும் இல்லை.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. பொன்னியம்மாள் வந்தாள். தாளைத் தொலைத்துவிட்டாளாம்.

"அக்கா, மாவடு கொஞ்சம் எடுத்துக்கினு போலாமா? இவருக்கு அது இல்லாம சோறு எறங்காது."

"பெட்டியில போடு. கைப்பையில வெச்சா புடுங்கிப்பாங்க. டப்பாவ ரெண்டு கவர்ல சுத்திக் கட்டு, இல்லன்னா உன் புடவையெல்லாம் மாவடு வாசனை."

"பல்லு வெளக்கறதுக்கு?"

"பாட்டில் தண்ணி. கொழா தண்ணி வாயில படக் கூடாது. ஐஸ் போட்ட ஜூஸும் வாணாம்."

"ஊக்கு குத்திக்கலாமா?"

"ஏறும்போது ரெண்டோட நிறுத்திக்கோ. நீ குத்தற மாதிரி தோளுக்கு நாலு, இடுப்புக்கு அஞ்சுன்னு குத்தினா அங்க வாசக்கால்ல மணி அடிக்கும். ஓரமா நிக்கவெச்சித் தடவிப் பாப்பாங்க. எறங்கின பிறகு குத்திக்கோ."

"இன்னாக்கா, பத்து தபா போயி வந்தவங்களாட்டம் சொல்றீங்க!"

தினகரன் கடைக்கு ஆட்டோ பிடித்துப் போய் நானே விசாரித்துக்கொண்டு வந்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்குமாம், எச்சிலை விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இடையில் எழுந்து நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் வீங்கும். கடற்கரை மணலில் கல்யாணம் என்பதால் குதிகால் வைத்த செருப்பு உதவாது. கோயிலுக்குப் போனால் இடுப்பில் ஒரு துணி கட்டச் சொல்வார்கள். யாருடைய தலையையும் தொடக் கூடாது, குழந்தையானாலும். இடது கையால் எதையும் கொடுக்கக் கூடாது. இதில் நமக்குப் புதுசு என்ன இருக்கிறது?

தெருவில் யார் யாரோ வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள். வெளிநாடு போகிறவர்கள் இந்தத் தெருவில் மூன்று வீடுகூட இல்லை, ஆனாலும் கேட்கிறார்கள். கேட்டுவிட்டுக் கடைசியில், "நீங்க எப்ப கெளம்புறீங்க?" என்கிறார்கள். "எல்லாரோடயும்தான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 24

ஒரு வாரமாகப் புவனேஸ்வரி யாரிடமும் பேசுவதில்லை. அவள் பேசாவிட்டால் நானும் பேசப் போவதில்லை.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

கைலாசம் குடும்பத்தோடு சாப்பிட வந்தான். சித்ரான்னம் சாப்பிட்டு, கை கழுவி, ஈரக் கையோடு வந்து உட்கார்ந்து ஆரம்பித்தான்.

"எல்லாம் சரி உமாபதி, பந்தக்கால் எங்க நடறது?"

பாலியில் முடியாது, ஓட்டல் புல்வெளியில் குழி தோண்ட விடமாட்டார்கள் என்றான் உமாபதி.

"அது எப்பிடிப்பா, பந்தக்கால் இல்லாம நம்ம ஜனத்துல எவன் கல்யாணம் பண்ணான்? இங்கதான் நடணும். இந்த வாசல்ல. பந்தக்கால் நட்ட வீட்டைப் பூட்டக் கூடாது. தாலி ஏறி, பொண்ணு மாப்ள திரும்பி வந்து, பந்தக்கால எடுக்கற வரைக்கும் வெளக்கு அணையக் கூடாது. தெனம் அதுக்குத் தண்ணி ஊத்தணும்."

அவன் சொன்னது அத்தனையும் வாஸ்தவம். நானே "ஆமாம்" என்றேன். பந்தக்கால் இல்லாத கல்யாணம் ஒரு கல்யாணமா?

"பக்கத்து வீட்ல சொல்லிட்டுப் போலாமே" என்றாள் பொன்னியம்மாள்.

"வேற வீட்டு ஆளு வெளக்கு ஏத்தினா, அது அவங்க வீட்டு விசேஷமாயிடும். இந்த வீட்டு ஆளுதான் இருக்கணும்."

உமாபதி கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஜீவிதா தன் கால்விரலைப் பார்த்தாள். புவனேஸ்வரி எழுந்து அடுக்களைக்குப் போனாள். பாத்திரம் ஒன்று விழுந்த சத்தம் கேட்டது.

"நீங்கதான் அண்ணி பெரியவங்க" என்றான் கைலாசம்.

ஆகஸ்ட் 4

என்னா சாமர்த்தியம்! வராதே என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. பந்தக்கால் சொல்லிவிட்டது. மூங்கில்கொம்பு என்னை வராதே என்று சொல்லிவிட்டது.

என் வீட்டுக்காரர் போன நாளிலிருந்து, "அண்ணி, கொஞ்சம் பின்னாடி நில்லுங்க, சுபகாரியம்" என்று ஒவ்வொரு விசேஷத்திலும் என்னைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தியவன் இந்தக் கைலாசம். அவன் மகன் கல்யாணத்தில் மஞ்சள் இடிக்க உலக்கையைத் தொடப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டான். இப்போ மட்டும் பந்தக்கால் வெளக்குக்கு நான் வோணுமா? இப்போ மட்டும் என் கை சுபமாயிடுச்சா? கேக்கணும்னு நேத்து தொண்டை வரைக்கும் வந்தது. ஜீவிதா முகத்தைப் பாத்து முழுங்கிட்டேன்.

ஆனால் கைலாசத்துக்கு இவ்வளவு மூளை கிடையாது. அவன் வாய், யாரோ கொடுத்த பேச்சு. யார் கொடுத்தது? எழுந்து அடுக்களைக்குப் போனவள் யார்? ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள் யார்? மகள் கல்யாணத்தில் மாமியார் முன்னால் நிற்கக் கூடாது, தான் மட்டும் பட்டுப் புடவையைச் சரசரத்துக்கொண்டு நிற்க வேண்டும். எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமாக இவளைப் பார்க்கிறேன்.

நான் இங்கே இருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டால்? பந்தக்கால் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? சொல்லலாம். நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு தலைவலி வந்தாலும், "ஆயாதான் பந்தக்கால் வாணாம்னுச்சு" என்பார்கள். நானே என்னைச் சொல்லிக்கொள்வேன்.

ஆகஸ்ட் 8, வரலட்சுமி நோன்பு

நல்ல நாளும் அதுவுமாகப் புவனேஸ்வரியைப் பிடித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் எடுத்தேன். வந்த முதல் பொங்கலுக்குப் பால் பொங்குவதற்குள் அடுப்பைத் தணித்தவள். என் ரசம் காரம் என்று என் மகனுக்குச் சொல்லிக் கொடுத்தவள். மாமனார் பதினாறாம் நாள் காரியத்தன்று தலைவலி என்று படுத்தவள். "இப்போ என் பேத்தி கழுத்துல தாலி ஏறுறத நான் பாக்கக் கூடாதுன்னு திட்டம் போட்டவளும் நீதான்டி" என்றேன்.

அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மோர் ஊத்தட்டுமா அத்தை?" என்றாள்.

குற்றமுள்ள நெஞ்சு எதிர்த்துப் பேசாது.

ஆகஸ்ட் 19

பெட்டி கட்டுகிறார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். முகூர்த்தப் புடவையைத் தறியிலிருந்து அறுத்து வந்த மடிப்பு கலையாமல் மல் துணியில் சுற்றி ஜீவிதாவின் கைப்பையில் வைக்கச் சொன்னேன். சீர்ப் புடவைகளையெல்லாம் உமாபதி ஒரே பெட்டியில் அடுக்கியிருந்தான், விலைச்சீட்டோடு. இவன் பட்டுக்கடையில் வேலை பார்ப்பவன், கடையில் அடுக்குகிற மாதிரியே அடுக்கிவிட்டான். "டேய், இத்தன புதுப் புடவைய ஒரே ஆளு எடுத்துக்கினு போனா விக்கிறதுக்குக் கொண்டாந்தேன்னு நெனைப்பாங்கடா. சீட்டைக் கிழி. ஆளுக்கு ரெண்டா பிரிச்சிக் குடு" என்றேன். "ஆமாம்மா, இத நான் யோசிக்கவே இல்ல" என்றான்.

கைலாசம் பையைத் திறந்து காட்டச் சொன்னேன். காட்ட மாட்டேன் என்றான். கற்பூரம் இருக்கிறது, எனக்குத் தெரியும். "கற்பூரம் விமானம் ஏறாது கைலாசம்" என்று மூன்று தரம் சொல்லிவிட்டேன்.

யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், "நீங்க இல்லாம எப்பிடி?" என்று கேட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பந்தக்கால் நட்டாயிற்று. ஈசானிய மூலையில் குழி. நவதானியம் போட்டு, பால் ஊற்றி, கொம்பின் தலையில் மாவிலை கட்டி, மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். ஐந்து சுமங்கலிகள் சேர்ந்து பிடித்தார்கள். நான் கதவுக்குப் பின்னால். புவனேஸ்வரி மட்டும் திரும்பி, "அத்தை, வந்து நீங்களும் ஒரு கை புடிங்க" என்றாள். எல்லாரும் பார்க்கும்படி ஒரு நாடகம். நான் அசையவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

செவ்வாயில் புறப்படாதீர்கள் என்றேன். டிக்கெட் அன்றைக்குத்தானாம்.

வேன் வந்தது. கடைசியாக எல்லாரிடமும் சொன்னேன்: பாஸ்போர்ட்டைக் கையைவிட்டு இறக்காதீர்கள், இறங்கியதும் கடிகாரத்தை இரண்டரை மணி முன்னால் தள்ளுங்கள், ஒருத்தர் கழிப்பறைக்குப் போனால் இன்னொருத்தர் பையைப் பாருங்கள், மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் பந்தியில் உட்காராதீர்கள், போய்ச் சேர்ந்ததும் போன் செய்யுங்கள்.

ஜீவிதா காலில் விழுந்தாள். எழுந்து என் கண்ணைப் பார்க்கவில்லை. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று நிற்பாளே, அப்படி. "நேரமாவுது கண்ணு, ஏறு" என்றேன்.

புவனேஸ்வரி ஏறிவிட்டு மறுபடியும் இறங்கி வந்தாள். தோசை மாவு பிரிட்ஜில் இருக்கிறது, பிரஷர் மாத்திரை மேசைமேல் இருக்கிறது, போனுக்கு சார்ஜ் போட்டிருக்கிறது என்றாள். மூன்றும் எனக்குத் தெரியும்.

வேன் திரும்பியபோது யாரோ கை ஆட்டினார்கள். கண்ணாடியில் வெயில், யார் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 27, விநாயகர் சதுர்த்தி

களிமண் பிள்ளையார் ஒன்று வாங்கினேன். கொழுக்கட்டை செய்தேன். எத்தனை செய்வது என்று தெரியவில்லை, கை பழக்கத்துக்கு எல்லாருக்குமாகச் செய்துவிட்டது. இரண்டு தின்றேன்.

விளக்குக்கு எண்ணெய் விட்டேன். பந்தக்காலுக்குத் தண்ணீர் விட்டேன். மாவிலை வாடத் தொடங்கியிருக்கிறது. பக்கத்து வீட்டில் தறி ஓடுகிறது. மிதி விழுகிற சத்தம் நின்றால் இன்னும் தனியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 28

யாரும் போன் செய்யவில்லை. போய்ச் சேர்ந்ததும் கூப்பிடச் சொல்லியிருந்தேன். அதைத்தான் கடைசியாகச் சொன்னேன், அதைத்தான் மறந்தார்கள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஐந்து மணிக்குக் குளித்து, நல்ல புடவை கட்டி, விளக்கின் முன்னால் உட்கார்ந்தேன். போன் அடித்தது. புவனேஸ்வரி.

"அத்தை, தெரியுதா? நல்லாத் தெரியுதா?" என்று கத்தினாள். காற்று வாங்கி வாங்கி அடித்தது. கடல் தெரிந்தது. வெள்ளைத் துணி கட்டிய மண்டபம் தெரிந்தது. ஜீவிதா தெரிந்தாள். நான் சொன்ன மடிப்பிலேயே புடவை கட்டியிருக்கிறாள். கொசுவம் கொஞ்சம் தூக்கல், மணலுக்காக இருக்கும். யாரோ, "ஆன்ட்டி, கேமராவ மறைக்கிறீங்க, தள்ளுங்க" என்றார்கள். போன் ஆடியது. மணல் தெரிந்தது, செருப்பில்லாத கால்கள் தெரிந்தன, மறுபடியும் மணல். கெட்டிமேளம் கேட்டது. "கட்டிட்டாங்க அத்தை, கட்டிட்டாங்க!" என்றாள். நான் பார்த்தது மணல்.

கையில் அட்சதை வைத்திருந்தேன். எழுந்து போய்ப் பந்தக்கால்மேல் போட்டேன். கற்பூரம் ஏற்றிக் காட்டினேன். வேறு யாருக்குக் காட்டுவது?

கேமராவை மறைத்துக்கொண்டு நின்றவளும் தாலி ஏறுவதைப் பார்த்திருக்க மாட்டாள். எனக்குக் காட்டுகிற அவசரத்தில் போனைத்தான் பார்த்திருப்பாள். அது அவள் தலையெழுத்து.

செப்டம்பர் 2

வந்துவிட்டார்கள். பொன்னியம்மாள் குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளித்து, இரண்டு நாள் கழிப்பறையே கதியாகக் கிடந்தாளாம். உமாபதிக்குப் புதுச் செருப்பு காலைக் கடித்துவிட்டதாம். கைலாசத்தின் பையை மீனம்பாக்கத்திலேயே கவிழ்த்து, கற்பூர டப்பா, தீப்பெட்டி, கொப்பரை மூன்றையும் எடுத்துக் குப்பையில் போட்டார்களாம். அங்கே ஆரத்திக்கு பேட்டரியில் எரிகிற விளக்கு. சொன்னவளைத் தவிர எல்லாரும் போய் வந்துவிட்டார்கள். சொன்னதை ஒருத்தரும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் பாயசம் வரைக்கும் உட்கார்ந்தார்களா என்று கேட்டேன். உமாபதி, "பஃபேம்மா" என்றான். நின்றுகொண்டே தின்றார்களாம்.

செப்டம்பர் 4

பொண்ணும் மாப்பிள்ளையும் மறுவீடு வந்தார்கள். பந்தக்காலை எடுத்தாயிற்று. விமல்ராஜ் நல்ல பையன். "ஆயா, நீங்க வராதது எங்களுக்கெல்லாம் ரொம்பக் குறை" என்றான். ஜீவிதா சட்டென்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.

செப்டம்பர் 10, புதன்

கைலாசம் வந்தான். சும்மா இருக்க முடியாமல், "இன்னாப்பா, கற்பூரம் விமானம் ஏறிச்சா?" என்றேன். இது நாலாவது தரமாம். கோபம் வந்துவிட்டது அவனுக்கு.

"எல்லாத்தையும் என் தலையிலயே போடாதீங்க அண்ணி. பந்தக்கால் பேச்ச எடுத்தது நானு, ஆனா எடுக்கச் சொன்னது உங்க பேத்தி."

"எந்தப் பேத்தி?"

"எத்தினி பேத்தி இருக்குது உங்களுக்கு? ஜீவிதான். ஆனி மாசமே என்கிட்ட வந்து அழுதுச்சு. 'தாத்தா, ஆயா வந்தா எங்க மாமியார்கிட்ட மறுபடியும் அந்தப் பந்தி கதைய எடுக்கும். அவங்க இப்பவே ஒரு மாதிரி பேசுறாங்க. வராதன்னு ஆயா மூஞ்சியப் பாத்துச் சொல்லவும் என்னால முடியல'ன்னுச்சு. நான்தான் இந்த வழியச் சொன்னேன். புவனாதான் ஒத்துக்கல. 'அத்தை வரலைன்னா நானும் வரல'ன்னு ஒரு வாரம் யார்கிட்டயும் பேசல. கடைசியில ஜீவி அவங்கம்மா கையப் புடிச்சி, 'நான்தான்னு மட்டும் ஆயாவுக்குத் தெரியக் கூடாதும்மா'ன்னு சத்தியம் வாங்கிச்சு. போதுமா?"

போதும் என்றேன். காபி குடித்துவிட்டுப் போனான்.

செப்டம்பர் 11

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

அடுக்களைக்குப் போனேன். புவனேஸ்வரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன்.

"ஏன்டி, நான் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? உன் ஆத்தா அப்பன் வரைக்கும் இழுத்து ஏசினேனே."

யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

"சொல்லி? ஜீவியத் திட்டியிருப்பீங்களா அத்தை?"

நான் கீரைக் கட்டைப் பார்த்தேன்.

"மாட்டீங்க. சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவீங்க. மாமா போனப்ப பாத்தேனே, கஞ்சி கூட எறங்கல உங்களுக்கு. என்னத் திட்டினா தட்டுல போட்டது காலியாவுது. திட்டிக்கினு போங்கன்னு விட்டுட்டேன்." அப்புறம், "முருங்கக்கீரை போதுமா, கூட கொஞ்சம் பருப்பு போடட்டுமா?" என்றாள்.

அவள் ஆய்ந்த கீரையில் ஒரு பிடியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் ஆய்ந்தோம். மத்தியானம் இலையில் போட்டதைத் தின்னப் பார்த்தேன், பாதிக்கு மேல் இறங்கவில்லை. திட்டுவதற்கு ஆள் இல்லை.

கைலாசத்தை மன்னித்தாயிற்று, அவன் வாய் அவன் வசத்தில் இருந்ததில்லை. உமாபதியை மன்னித்தாயிற்று, அவன் அப்பா ஜாடை. மாப்பிள்ளையின் அம்மாவைக்கூட விட்டுவிட்டேன், எழுந்து போனது அவள் பெரியப்பாதானே. ஜீவிதாவை மன்னிக்க என்ன இருக்கிறது? குழந்தை. பயந்துவிட்டாள். என்னிடம் பயந்தாள் என்பதை மட்டும் யோசிக்காமல் இருந்தால் போதும்.

ஒருத்தியைத்தான் முடியாது. முப்பது வருஷத்தில் ஒரு தடவையாவது எதிர்த்து ஒரு சொல் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சரிக்குச் சரி ஆகியிருப்போம். எல்லாவற்றையும் வாங்கி வாங்கி வைத்துக்கொண்டு, மோர் ஊற்றட்டுமா என்று கேட்டாளே. இனி நான் எந்த முகத்தோடு அவளைத் திட்டுவது? இருந்த ஒரே பேச்சுத் துணையையும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். நான் சாகிறவரைக்கும் மன்னிக்கப் போவதில்லை.

புவனேஸ்வரியை.